ஃபேர்வெல்ல படிக்க "வகுப்பு உயில்" எழுதணும்: 48 பேர், 9 டீச்சர். எப்படி?

கடைசிபெஞ்ச்_21:

அண்ணா, அக்கா, வணக்கம். வண்ணாரப்பேட்டை பக்கம் அரசு உதவி பெறும் பள்ளி, 12 பி. பிராக்டிகல் முடிஞ்சதும் பதினொண்ணாவது பசங்க எங்களுக்கு ஃபேர்வெல் தர்றாங்க. பதிலுக்கு நாங்க ஒரு உயில் படிக்கலாம்னு முடிவு. அமெரிக்கா ஸ்கூல்ல படிச்சு முடிச்சுட்டுப் போறவங்க "என் லாக்கரை இன்னாருக்கு விட்டுட்டுப் போறேன்"னு எழுதி இயர்புக்ல போடுவாங்களே, அந்த மாதிரி.

எழுதிப் பார்த்த ஒரு வரி, பேர் மட்டும் மாத்தியிருக்கேன்: "ரமேஷ் தன்னுடைய தூக்கத்தை ஜூனியர் சுரேஷுக்கு விட்டுச் செல்கிறான்." படிச்சுக் காட்டினா ஒருத்தனும் சிரிக்கல. எங்க தப்பு? மொத்தம் எவ்ளோ நேரம் வரலாம்? டீச்சருங்களை எந்த அளவுக்குக் கலாய்க்கலாம்? 20 ரூபா ஸ்டாம்ப் பேப்பர் வாங்கி அதுலயே பிரிண்ட் எடுத்தா கெத்தா இருக்குமா, பிரச்சினை ஆகுமா?

செக்குபந்தி:

தம்பி, நீங்க எழுதினது இங்கிலீஷ் உயில். அவங்க ஊர்ல வக்கீல் பாஷையைக் கிண்டல் பண்றாங்க, அதனால அங்க சிரிப்பு வருது. நம்ம ஊர்ல அந்த வேலையைச் செய்யறது பத்திர எழுத்தர் தமிழ். வீட்டு பீரோல இருக்கிற பழைய கிரயப் பத்திரத்தை ஒரு தடவை எடுத்துப் படிச்சுப் பாருங்க. அதே முகத்தோட, அதே மூச்சு விடாத வாக்கியத்தோட பெஞ்சைப் பத்தி எழுதினா போதும். ஜோக்குன்னு தனியா ஒண்ணும் சேர்க்க வேண்டாம்.

ஆரம்பம் இப்படி வரலாம்:

"2026ஆம் வருடம் பிப்ரவரி மாதம் ......ஆம் தேதி, சென்னை 600 021, வண்ணாரப்பேட்டையில், மாடிப்படி ஏறியதும் இடது கைப்பக்கம் தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய அறையில் குடியிருந்து வரும் பன்னிரண்டாம் வகுப்பு பி பிரிவாகிய நாங்கள், கடைசி பீரியடு நீங்கலாக மற்ற நேரங்களில் நல்ல நினைவுடனும், வகுப்பாசிரியரின் முறைப்பு நீங்கலாக வேறு யாருடைய தூண்டுதலும் நிர்ப்பந்தமும் இன்றியும், மனப்பூர்வமாக எழுதி வைக்கும் உயில் சாசனம் என்னவென்றால்..."

அடுத்து சொத்து எப்படி வந்ததுன்னு சொல்லணும். முன்னோர் வழியா வந்தது பிதுரார்ஜிதம், தானே சம்பாதிச்சது சுயார்ஜிதம். கடைசி பெஞ்ச், பட்டப்பேரு, லாக் டேபிள் புத்தகம் இதெல்லாம் சீனியர்கிட்ட இருந்து வந்தது, பிதுரார்ஜிதம். லேட்டா வர்றதுக்குச் சொல்ற காரணம் சுயார்ஜிதம். இந்த ரெண்டு வார்த்தையே பாதி வேலையைப் பார்த்துடும்.

செக்குபந்திதான், அதாவது சொத்தோட நாலு எல்லை விவரம்தான் உயிர். நாலு எல்லை எழுதறப்ப எல்லாரும் பண்ற தப்பு, "வடக்கே ஜன்னல், தெற்கே நடைவழி"ன்னு எழுதறது. அது கோர்ட் அமீன் எழுதற மாதிரி கூட இல்ல, வீட்டுக்கு வழி சொல்ற மாதிரி இருக்கும். பத்திர நடையில திசை திரும்பி வரும்: ஜன்னல் வடக்கே இருந்தா, சொத்து "ஜன்னலுக்குத் தெற்கு". அதனால:

"சொத்து விவரம்: மேற்படி அறையில் கடைசி பெஞ்ச். நீளம் 6 அடி, அகலம் 1 அடி. ஜன்னலுக்கும் அதன் வழியே தெரியும் மாங்காய் வண்டிக்கும் தெற்கு, நடைவழிக்கு வடக்கு, பல்லி வசிக்கும் சுவருக்குக் கிழக்கு, படிக்கிற பிள்ளைகளுக்கு மேற்கு. இந்த நான்கெல்லைக்குள் பட்ட 6 சதுர அடியும், அதிலுள்ள காம்பஸ் கீறல்களும், அடியில் ஒட்டியுள்ள சூயிங்கமும், ஃபேன் காற்றில் எட்டில் ஒரு பங்கும், வாசலுக்குப் போக நடைபாதை பாத்தியமும் இதில் சேர்ந்தது. வலது ஓரம் துருத்தி நிற்கும் ஆணி ஒன்றைத் தவிர மேற்படி சொத்தில் வேறு வில்லங்கம் ஏதும் இல்லை என உறுதி கூறுகிறோம்."

உங்க வகுப்பில திசையை போன் காம்பஸ் வெச்சுப் பார்த்துட்டு எழுதுங்க. கடைசி பெஞ்சுக்கு எது கிழக்குன்னு அங்க உக்கார்ந்தவனுக்குத் தெரியும், தப்பா இருந்தா கத்துவான்.

ஸ்டாம்ப் பேப்பர் வேண்டாம். நிஜ உயிலுக்கே முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள்ல எழுதினாலே செல்லும், பதிவும் கட்டாயம் இல்லை. இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925, பிரிவு 63 கேட்கிறது எழுதினவர் கையெழுத்தும் ரெண்டு சாட்சியும்தான். முத்திரைத்தாளை கலர் ஜெராக்ஸ் எடுக்கிற யோசனை வந்தா அப்பவே விட்டுடுங்க, கள்ள முத்திரைத்தாள் குற்றம். அசோகச் சின்னத்தையும் போடாதீங்க, அதுக்கு 2005லேயே தனிச் சட்டம் இருக்கு. பச்சை லீகல் தாள் 5 வாங்குங்க. 14 அங்குல நீளம், தூரத்தில இருந்து பார்த்தா பத்திரக் களை தானா வந்துடும். ஆண்டர்சன் தெருவுல காகிதக் கடைக்கா பஞ்சம்?

முத்திரை வேணும்னா உருளைக்கிழங்கு. பாதியா வெட்டி, வெட்டின பக்கத்தைத் துணியால ஒத்தி 10 நிமிஷம் காய விட்டு, 3 மில்லிமீட்டர் ஆழத்துக்குச் செதுக்குங்க. எழுத்தைக் கண்ணாடியில தெரியற மாதிரி திருப்பிச் செதுக்கணும். காய விடலைன்னா மை தண்ணியோட சேர்ந்து பரவி வெறும் வட்டமா விழும். அரக்கு உருக்கற வேலை மேடையில வேண்டாம், கையில சொட்டினா கொப்புளம்.

ஒரு விஷயம் மட்டும் உறுத்துது. 18 முடியாதவங்க உயில் எழுத முடியாது, பிரிவு 59. உங்க வகுப்பில நிறைய பேர் மைனரா இருப்பீங்க. அதையும் பத்திரத்துக்குள்ளயே சொல்லிடுங்க: "எங்களில் பலர் மைனர்களானதால் கார்டியனாக வகுப்பாசிரியர் அவர்களே பழி ஏற்பார்."

தமிழ்பீரியடு:

மேல சொன்ன நடை சரி. நான் வரி அமைப்பைப் பத்திச் சொல்றேன், ஏன்னா உங்க வரி செத்தது அங்கதான்.

தமிழ்ல வினை கடைசியில வரும். "ரமேஷ் தன்னுடைய தூக்கத்தை" வரைக்கும் வந்தப்பவே விஷயம் முடிஞ்சுடுச்சு. அதுக்கப்புறம் "ஜூனியர் சுரேஷுக்கு விட்டுச் செல்கிறான்" வெறும் வால். 48 தடவை அதே "விட்டுச் செல்கிறான்" வந்தா கூட்டம் எட்டாவது பேர்ல போனை எடுத்துடும். அதனால வினையை மேலேயே ஒரே தடவை சொல்லி முடிச்சுடுங்க: "கீழ்க்கண்டவர்கள் கீழ்க்கண்டவற்றை ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது." அப்புறம் ஒவ்வொரு வரியிலயும் முதல்ல பேரு, ஒரு நிறுத்தம், கடைசியில பொருள். பேரைக் கேட்டதும் எல்லாரும் அவன் பக்கம் திரும்புவாங்க, அந்த ரெண்டு வினாடி உங்களுக்கு லாபம்.

உங்க வரியையே திருத்திப் பார்க்கலாம்:

"ரமேஷிடமிருந்து சுரேஷுக்கு: சாப்பாட்டுக்கு அடுத்த பீரியடில் கண்ணைத் திறந்தபடியே தூங்கும் கலை. உடன், தலையணையாகப் பயன்பட்ட விலங்கியல் புத்தகம் 1. முதல் 40 பக்கம் நீங்கலாகப் புத்தம் புதிது."

"தூக்கம்"னு சொன்னா அது யாருடையதும் ஆகலாம். எந்த பீரியடு, எத்தனை பக்கம்னு இறங்கினாத்தான் அது ரமேஷோடது. "40 பக்கம்" இடத்தில "கொஞ்சம் பக்கம்"னு போட்டுப் படிச்சுப் பாருங்க, வித்தியாசம் தெரியும்.

ஊர் விஷயம் கைவசம் நிறைய இருக்கே. "கொருக்குப்பேட்டை கேட் போட்டுட்டாங்க சார் என்ற காரணம், ரயில் பாதையே குறுக்கிடாத தெருவிலிருந்து நடந்து வரும் வரிசை எண் 17க்கு." "கணேசபுரம் சுரங்கப்பாதையில தண்ணி என்ற விடுப்பு, சித்திரை வெயிலிலும் செல்லுபடியாகும் வகையில், வரிசை எண் 31க்கு." கேட்கிறவங்க எல்லாருக்கும் அந்த கேட்டும் தெரியும், அந்தத் தண்ணியும் தெரியும், விளக்கம் தேவைப்படாது.

டீச்சருக்கு எழுதறப்ப ஒரே அளவுகோல்: வரியில குத்து வாங்கறது வகுப்பா இருக்கணும், டீச்சரா இருக்கக் கூடாது. அவங்க உருவம், குரல், நடை, வீடு, வண்டி எதுவும் வேண்டாம். அவங்களால நமக்கு நடந்ததை விட, நம்மால அவங்களுக்கு நடந்ததை எழுதுங்க.

"இயற்பியல் ஆசிரியருக்கு: 'புரிஞ்சுதா?' என்று கேட்டபோதெல்லாம் நாங்கள் கொடுத்த 'புரிஞ்சுது சார்' அனைத்தும். எண்ணி வாங்கிக்கொள்ளவும், பாதி கள்ளநோட்டு."

"உடற்கல்வி ஆசிரியருக்கு: கணக்கு ஆசிரியர் இரண்டு வருடமாகக் கைமாற்றாக வாங்கிப்போன பி.டி. பீரியடுகளை வட்டியுடன் வசூலிக்கும் அதிகாரம்." இது ரெண்டு டீச்சரையும் ஒரே வரியில உள்ள இழுக்கும், ரெண்டு பேரும் சிரிப்பாங்க.

தமிழ் டீச்சருக்குக் கையில கொடுக்கிற மாதிரி ஒரு பொட்டலம் பண்ணுங்க. ஒரு சார்ட் அட்டையில க், ச், த், ப் நாலையும் மாத்தி மாத்தி எழுதி, ரெண்டு விரக்கடை அளவுக்கு வெட்டுங்க, 60 துண்டு போதும். மளிகைக்கடைப் பொட்டலம் மாதிரி செய்தித்தாள்ல மடிச்சு சணல் கட்டிக் கொடுங்க. வரி: "தமிழம்மாவுக்கு: கட்டுரைகளில் நாங்கள் விட்டுப்போன ஒற்றெழுத்துகள், எடை குறையாமல்." ஒண்ணு முக்கியம், அந்த வரியிலயும் பொட்டலத்து மேல எழுதற எழுத்திலயும் சந்திப் பிழை இருக்கக் கூடாது. இருந்தா அங்கயே திருத்துவாங்க.

பொருள் சேகரிக்கிறதுக்கு ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு. மூணு கேள்வி: நான் விட்டுட்டுப் போறது எது, யாருக்குப் பொருந்தும், என்னைப் பத்தி எதைச் சொல்லக் கூடாது. மூணாவதுக்கு வர்ற பதிலை எழுதற குழு மட்டும் பார்க்கணும். குழு 4 பேர், நாலு பேரும் வேற வேற பெஞ்ச். ஒரே பெஞ்ச் எழுதினா அந்த பெஞ்சுக்கு மட்டும் புரியற ஜோக்கா வந்து நிக்கும், மீதி 44 பேர் பேந்தப் பேந்த முழிப்பாங்க. ஆளுக்கு மூணு வரி எழுதி ரெண்டை அடிச்சுடுங்க.

வியாசை_அக்கா:

எதெல்லாம் வேண்டாம்னு நான் சொல்றேன். இதை யாரும் முழுசா எழுத மாட்டேங்கறாங்க.

ஜோடி சேர்க்கிறது வேண்டவே வேண்டாம். "இவனுக்கு அவளோட புன்னகை" மாதிரி ஒரு வரி போதும், யாரோ வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ்ல போட்டு, சாயங்காலத்துக்குள்ள அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போயிடும். பரீட்சைக்கு மூணு வாரம் இருக்கிறப்ப அவளோட போனைப் புடுங்குவாங்க, டியூஷனை நிறுத்துவாங்க. சொன்னவனுக்கு ஒண்ணும் ஆகாது.

நிறம், எடை, உயரம், சாதியை ஞாபகப்படுத்தற எதுவும், மார்க், ஃபெயில், ஃபீஸ் பாக்கி, இங்கிலீஷ் உச்சரிப்பு எல்லாத்தையும் கத்தரிச்சுடுங்க. நம்ம ஏரியாவுக்குன்னு இன்னொண்ணு இருக்கு: அப்பா அம்மா தொழில். காசிமேட்டுல இருந்து வர்ற பிள்ளைகிட்ட மீன் வாசனை ஜோக், ஹார்பர்ல லோடு ஏத்தறவர் பையன்கிட்ட மூட்டை ஜோக். சொல்றவன் பாசமாத்தான் சொல்வான், கேட்கிறவனும் மேடையில சிரிச்சுத்தான் நிப்பான், அதை நம்பாதீங்க.

பட்டப்பேர் அந்த ஆளே தன்னைச் சொல்லிக்கிறதா இருந்தா மட்டும் போடலாம்.

இதைப் படிக்கிற காலேஜ் பசங்களுக்கும் ஒரு வார்த்தை. ரூட்டு தல (ஒரு பஸ் ரூட்டுல போற காலேஜ் பசங்க கும்பலுக்குத் தலைவன்) பட்டம், பஸ் நம்பர் இதையெல்லாம் ஜூனியருக்கு "எழுதி வைக்கிறது" காமெடி கிடையாது. எதிர் ரூட்டுக்காரன் அதைச் சவாலா எடுத்துப்பான், அப்புறம் ஸ்டேஷன்ல எழுதற பத்திரம் வேற மாதிரி.

அப்புறம் அந்த "உயில்"ங்கிற வார்த்தையே எனக்குச் சரியாப் படல. ப்ளஸ் டூ பரீட்சை நேரம். ஒரு பிள்ளையோட நோட்டுல "என் பேனாவை இவனுக்குக் கொடுத்துடுங்க"ன்னு கிழிச்ச காகிதம் இருந்து, முன்ன பின்ன தெரியாம அம்மா படிச்சா அந்த நிமிஷம் எப்படி இருக்கும்? வரைவுச் சீட்டெல்லாம் பள்ளியிலயே ஒரு கவர்ல இருக்கட்டும், வீட்டுக்குப் போக வேண்டாம். "நான்"னு யாரும் எழுதக் கூடாது, எழுதறது 12 பி பிரிவு. எவனாவது நிஜமாவே தன் சாமானை எல்லாம் எடுத்துக் கொடுக்க ஆரம்பிச்சா, அதை ஜோக்குன்னு விட்டுடாம அன்னிக்கே டீச்சர்கிட்ட சொல்லுங்க.

டிடிபி_மின்ட்டு:

தம்பி, எழுத்து ஐட்டம்லாம் அண்ணன் அக்கா சொல்ட்டாங்க. நான் பிரிண்டும் மைக்கும்.

நேரம் கணக்கு போட்டுக்கோ. ஆளுக்கு 15 வார்த்தைன்னு 57 பேருக்கு 855, ஆரம்பமும் செக்குபந்தியும் 150, ஆகமொத்தம் ஆயிரம். மேடையில நிதானமா படிச்சா நிமிஷத்துக்கு 100 வார்த்தை, அது 10 நிமிஷம். சிரிப்புக்கு வரிக்கு 4 வினாடி விட்டா இன்னும் 4 நிமிஷம் ஏறும். 14 நிமிஷம் ஷீட்டு போட்ட ஹால்ல மத்தியானம் எவன் உக்காருவான்? பசங்களுக்கு 10 வார்த்தை, டீச்சருக்கு 15ன்னு இறக்கு, 11 நிமிஷத்துல முடியும்.

படிக்க ரெண்டு பேர், மாத்தி மாத்தி. வகுப்புலயே நல்லா காமெடி பண்றவனை மைக் பக்கம் உடாத, அவன் பாதியில தானே சிரிச்சுடுவான். நியூஸ் வாசிக்கிற மாதிரி மூஞ்சி இருக்கிறவன்தான் வேணும். சிரிப்பு பாதி அடங்கினதும் அடுத்த பேரைச் சொல்லணும், முழுசா அடங்க உட்டா திரும்ப எழுப்பணும். ஃபேன் சத்தத்துல "க்கு" எல்லாம் முழுங்கிடும், பேரை மட்டும் கொஞ்சம் தூக்கிச் சொல்லு.

வரிசை எண் படி படிக்காத. தன் பேரு வந்ததும் அவன் கேக்கறதை நிறுத்திடுவான். கலைச்சுப் போடு. ஹெச்.எம். வரி ஆரம்பத்துலயே வரட்டும், அவரு பேசி முடிச்சுட்டுக் கிளம்பிடுவாரு. கடைசிக்கு வெச்சிருந்தா காலி நாற்காலிக்குப் படிக்கணும்.

கடையில டைப் பண்றப்ப என்னா ஃபான்ட்டுன்னு கேளு. பாமினியோ வானவில்லோ போட்டு வேர்டு ஃபைலா கொடுத்தா, ஸ்கூல் கம்ப்யூட்டர்ல தொறக்கறப்ப வெறும் கோழிக்கிறுக்கல்தான் வரும். யூனிகோடுல அடிக்கச் சொல்லு, இல்லாட்டி பி.டி.எஃப். வாங்கிக்கோ. மேடைப் பிரதி 16 பாயின்ட், ஒண்ணரை வரி இடைவெளி, ஒரு பக்கம் மட்டும். எந்த வரியும் அடுத்த பக்கத்துக்கு உடையக் கூடாது, திருப்பறப்ப ஜோக் செத்துடும். பேஜ் நம்பர் பெருசா போடு, பின் அடிக்காத.

பேரு விட்டுப்போறதுதான் பெரிய ஆபத்து. அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரை வெச்சு டிக் அடி. நடுவுல டி.சி. வாங்கினவன், நாள்கணக்கா வராதவன் எல்லாத்தையும் சேரு. ஆயாம்மா, வாட்ச்மேன், லேப் அட்டெண்டரையும் மறந்துடாத.

கடைசிபெஞ்ச்_21:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ரெண்டு சந்தேகம். எங்க மிஸ்ஸும் அக்கா மாதிரியே "உயில்னு சொல்லாதீங்கடா, அபசகுனம்"னு சொல்லிட்டாங்க. வேற என்ன பேரு வைக்கலாம்? கடைசி நேரத்துல யாராவது வரி வேண்டாம்னாலோ, பேரு விட்டுப்போனாலோ என்ன பண்றது? பிரிண்ட் முன்னாடியே எடுத்துடுவோமே.

செக்குபந்தி:

மிஸ் சொல்றதுதான் சரியான பத்திரமும். உயில் எழுதினவர் காலத்துக்கு அப்புறம்தான் நடைமுறைக்கு வரும், நீங்க உயிரோட மேடையில நின்னு பெஞ்சைக் கைமாத்தறீங்க. அது தானப் பத்திரம். "தான செட்டில்மென்ட் பத்திரம்"னு தலைப்பு போடுங்க, பத்திர ஆபீஸ் பக்கம் போய் வந்த பெற்றோர் எல்லாம் அங்கயே சிரிப்பாங்க. நிலம், வீடுன்னா தானத்தைப் பதிவு பண்ணியே ஆகணும். அசையும் சொத்துக்குக் கையில கொடுத்தாலே போதும், சொத்துரிமை மாற்றுச் சட்டம் 1882, பிரிவு 123. பெஞ்ச் தரையோட அடிச்சு வெச்சதா இல்லையான்னு மட்டும் பார்த்துக்குங்க.

உயிலைவிட இதுல இன்னொரு சௌகரியம். உயிலை எத்தனை தடவை வேணும்னாலும் மாத்தி எழுதலாம், கடைசியா எழுதினது செல்லும். தானத்தை அப்படி இஷ்டத்துக்குத் திரும்ப வாங்க முடியாது. "கொடுத்த பட்டப்பேரை எக்காரணம் கொண்டும் திரும்பப் பெறுவதற்கில்லை"ன்னு ஒரு ஷரத்து சேர்த்துடுங்க.

தமிழ்பீரியடு:

"உயில்"ல இருக்கிற நறுக்குன்னு ஒரு சத்தம் "தான செட்டில்மென்ட்"ல இல்ல, ஆனா மிஸ் சொன்ன பிறகு பேச்சில்லை. ஆரம்ப வாக்கியத்திலயும் "உயில் சாசனம்" இருக்கு, அதை மாத்த மறந்துடாதீங்க.

டிடிபி_மின்ட்டு:

கடைசித் தாள்ல "திருத்தல் விவரம்"னு தலைப்பு போட்டு அஞ்சு வரி கோடு காலியா உடு. பத்திரத்துல அடித்தல் திருத்தல் இருந்தா கீழ எழுதிக் கையெழுத்துப் போடறது வழக்கம்தானே. வேண்டாம்னு சொன்னவன் வரியை ஸ்கெட்ச் பேனாவால அடி, "வரிசை எண் 9 தன் பங்கை முழு மனதுடன் மறுத்துவிட்டபடியால் அது சத்துணவுக் கூடத்துப் பூனைக்குப் போய்ச் சேரும்"னு கையாலயே எழுது. விட்டுப்போன பேரும் அங்கதான். நீல பேனா ரெண்டு மேடையில ரெடியா இருக்கட்டும்.